முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிய கார்

1

நம் சேகரத்துச் சபைப் பத்திரிகையின் சென்ற மாத இதழ் நேற்றுத்தான் கண்டிக்கு வந்து சேர்ந்தது. கல்யாணங்களுக்கும் அடக்க ஆராதனைகளுக்கும் நடுவில் என் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களோ என்று ஒரு கணம் பயம். நல்லவேளை, உயிரோடுதான் இருக்கிறேன். இலங்கையில் சொந்த மோட்டார் காரில் சீமாட்டி போல வலம் வருகிறேனாம். அதை அறிந்து ஊரார் மகிழ்கிறார்களாம்.

அந்த மகிழ்ச்சியின் பலன் அதே தபாலில் வந்துவிட்டது. கோயில் மணிக்கூண்டுக்கு நான் மனதார நன்கொடை செய்யலாமே என்று கமிட்டியார் எழுதியிருக்கிறார்கள். நாத்தனாரோ ஒரு படி மேலே போய், காரைத் துடைக்கவும் கதவைத் திறந்துவிடவும் யாரை வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். அந்தக் காரின் ஒரு கதவு திறக்காது, இன்னொன்று மூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னைச் சீமாட்டி என்று சொல்ல மாட்டீர்கள்.

நான் இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. தெல்தோட்டைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயராக வந்த என் வீட்டுக்காரரோடு, கைக்குழந்தை எஸ்தரைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினேன். ஏழாம் வருடம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். ஊருக்குத் திரும்பி வா என்று எல்லோரும் எழுதினீர்கள். நான் கண்டியில் மருத்துவச்சி வேலை படித்தேன். அம்பிட்டிய போகும் வழியில் ஒரு சின்ன வீடு. சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைப்பேறு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஜனங்கள் என்னை மிசியம்மா என்பார்கள். நர்சுமாருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

2

கார் வாங்கும் யோசனை ஆசையில் வந்ததல்ல. போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து கருப்பையா என்பவன் காலை பஸ்ஸில் என்னைத் தேடி வந்தான். அவன் பெண்சாதி செல்லாயிக்குத் தலைப்பிரசவம். மலையில் மண் சரிந்து திரும்பும் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தை இருவரும் மழையில் நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, ஆனால் உயிரோடு இல்லை. செல்லாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கருப்பையா தன் தலைத்துண்டை உருவி எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "இவ்வளவு தூரம் மழையில நடந்து வந்தீங்களே மிசியம்மா" என்று எனக்காக வருத்தப்பட்டான்.

என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவன் வருத்தப்பட்டான். அதை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

தேயிலை விலை விழுந்து, துரைமார் பலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய காலம் அது. அவர்களுடைய பியானோ, நாய், கார் எல்லாம் கிடைத்த விலைக்குக் கண்டியில் கைமாறின. அப்படி ஒரு காரை கட்டுகஸ்தோட்டையில் மிளகு வியாபாரம் செய்யும் ஹனீபா நானா வாங்கி, பிறகு அதைவிட நல்ல காரும் வாங்கிவிட்டார். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவருடைய மகளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். அந்த உரிமையில் போய்க் கேட்டேன். எஸ்தரும் கூட வந்தாள்.

கார் ஒரு பலாமரத்தடியில் நின்றது. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு செய்தது என்றார்கள். சண்டைக்கும் போய்வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கூரை கித்தான் துணி. அதில் நான்கு ஒட்டு. வலப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. பெட்ரோல் டாங்கி ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில். எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் நான் எழுந்து இறங்கி, சீட்டைத் தூக்கி, கூட்டத்துக்கு நடுவே மரியாதையாக நிற்க வேண்டும்.

"அம்மா, இதுலயா நான் ஸ்கூலுக்கு வரணும்?" என்றாள் எஸ்தர். கண்டிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அங்கே தன் அம்மா 'மெடிக்கல் லைனில்' இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் என்று நான் திருத்துவதில்லை.

"மகளே, இதப் பாத்துச் சிரிக்க வாணாம்" என்றார் நானா. "துரைமாரத் தூக்கிச் சொமந்த கார். ஒரு குத்தமும் இல்ல. தங்கச்சி, ஒன்டு மட்டும் செல்றன். பெரிய ஏத்தம் வந்தா முகத்தத் திருப்பிக்கொங்க."

நான் தலையாட்டினேன். நம்மூர்ப் பக்கம் ஏற்றம் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. அதைவிட்டால் குளத்துக் கரைதான் எங்களுக்கு இமயமலை. நானா சொன்னதை, வேண்டாத ஆள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படி எடுத்துக்கொண்டேன். பெரிய ஏற்றத்தைப் பார்த்தால் பயம் வரும், பார்க்காதே என்கிறார் போலும்! என் இரண்டு வளையல்கள் காராக மாறின.

மகாவலி ஆற்றங்கரையில் நானாவே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அங்கே கோயில் யானைகளைக் குளிக்க இறக்குவார்கள். மூன்றாம் நாள், நடுப்பாதையில் கார் நின்றுபோய், நான் முன்னால் இறங்கி இரும்புக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் களைத்து நிமிர்ந்தால், காருக்குப் பின்னால் ஒரு யானை. பாகன் சிங்களத்தில் பணிவாக ஏதோ சொன்னான். வழி விடச் சொல்கிறான் என்று புரிந்தது. நானும் பணிவாக, முடியாது என்று தமிழில் சொன்னேன். அவன் யானையிடம் சொன்னான். நான் ஓரமாக ஒதுங்கினேன். யானை நெற்றியால் காரை ஒரு தள்ளு தள்ளியது. உள்ளே இருந்த நானா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆவெல்லாம் ஓதினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

3

இனி லைசென்ஸ். அதற்கு எஸ்தரோடு கச்சேரிக்குப் போனேன். கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அரசாங்கக் காரியாலயத்துக்கு அதுதான் பெயர். பாட்டு இல்லை. காத்திருப்பது மட்டும் உண்டு.

மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர். நெற்றியில் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி. என் விண்ணப்பத்தை இருமுறை படித்துவிட்டு, "இந்தக் கார் ஆர் ஓடுறது?" என்று கேட்டார்.

"கார்தான் ஓடும்" என்றேன்.

"அது சரி. ஆர் ஓடுறது எண்டு கேக்கிறன். நீங்களோ ஓடப் போறியள்?"

"நான் எதுக்கு ஓடணும்? நான் உள்ளே உக்காந்துல்லா இருப்பேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்களுக்கு ஓடத் தெரியாதோ?"

"முப்பத்தெட்டு வயசுல எங்கய்யா ஓட?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

'ஓடத் தெரியாது' என்று எழுதிவிட்டார். வேறு வழி தெரியாமல், "நான் உங்க பெரியவர்ட்ட பேசணும்" என்றேன். அவ்வளவுதான், மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, அவரைப் பேசாதேங்கோ அக்கா! அவர் பாவம், நல்ல மனுசன். கொஞ்சம் இருங்கோ, நான் கெதியாச் செய்து தாறன்."

ஒரு வாரம் என்றிருந்த வேலை அரை மணியில் முடிந்தது. வெளியே வந்த பிறகுதான் எஸ்தர் விளக்கினாள். அவர்கள் பக்கத்தில் கார் ஓடுவது என்றால் ஓட்டுவது. பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். மேலதிகாரியை ஏசிவிட்டுத்தான் போவேன் என்று நான் மிரட்டியதாக அந்த நல்ல மனிதர் நினைத்திருக்கிறார். தமிழனுக்குத் தமிழன் துபாஷி வைத்துக்கொள்ள வேண்டிய ஊர் இது. என் மகள்தான் எனக்குத் துபாஷி. ஆனால் அவளை நம்மூர்த் தமிழில் கடிதம் எழுதச் சொன்னால் மூன்றாம் வரியில் இங்கிலீசுக்குத் தாவிவிடுகிறாள்.

பரீட்சை எடுத்தவர் ஒரு பறங்கித் துரை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. முதல் தடவை அவரை ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கத்துச் சரிவில் நிறுத்தினேன். மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கார் பின்னால் எடுத்துக்கொண்டது. கோவா, அதாவது நம்மூர் முட்டைக்கோசு, ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்று அங்கே இருந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. துரையின் மடியில் மூன்று கோவா.

இரண்டாம் தடவை அவர் காரில் ஏறவே இல்லை. குளக்கரையில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். சுற்றி வந்தேன். அவரும் உயிரோடு, நானும் உயிரோடு. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

4

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் சமதரையில் ஓட்டினேன். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, பல்லேகலப் பக்கத்துத் தோட்டங்கள். மலைப் பக்கத்துக்கு பஸ்ஸில்தான் போய்வந்தேன். காரை எடுக்கத் தைரியம் வரவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் காலை. வாசலில் கருப்பையா நின்றான். மறுபடியும் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"மிசியம்மா, செல்லாயிக்கு விடியக்காலம் வலி கண்டுருச்சுங்க. திரும்புற பஸ்ஸு மத்தியானம்தானாம்." காரைப் பார்த்தான். கேட்கவில்லை. பார்த்தான்.

பெட்டியை எடுத்தேன். எஸ்தர் தானாக வந்து ஏறிக்கொண்டாள். தனியாக விட்டால் அம்மா திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தாளாம்.

தலாத்துஓயா வரை நன்றாகவே போனோம். அதைத் தாண்டியதும் ஒரு கல்லில் ஏறி இறங்கினேன். அடியில் ஏதோ கழன்று விழுந்து உருண்டு ஓடையில் போயிற்று. அந்தக் கணத்திலிருந்து கார் போட்ட சத்தம் இருக்கிறதே, ஆயிரம் தகரத்தை மலையில் உருட்டின மாதிரி. புகைக்குழாயின் பின்பாதியாம் அது. அப்போது எனக்குத் தெரியாது. ஓடுகிறதா, போதும் என்று போனேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் செங்குத்துப் பாதையில் கார் இருமியது. விக்கியது. நின்றுவிட்டது. சுற்றினால் பிடிக்கும், பத்தடி ஏறும், நிற்கும். தோட்டம் இன்னும் ஒன்றரை மைல். கருப்பையா என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான், நடக்கத் தயாராக.

"அம்மா!" என்றாள் எஸ்தர். "பெட்ரோல் உங்க சீட்டுக்குக் கீழதானே இருக்கு? தானா வழிஞ்சுதான் எஞ்சினுக்குப் போகுது. இப்ப எஞ்சின் மேல இருக்கு, டாங்கி கீழ இருக்கு. தண்ணி மேல ஏறுமா?"

"அதுக்கு என்னட்டி செய்ய?"

"காரைத் திருப்பி, ரிவர்ஸ்ல ஏறுங்க."

முகத்தைத் திருப்பிக்கொங்க! ஹனீபா நானாவை மனதுக்குள் கூப்பிட்டு நன்றி சொன்னேன், ஏசவும் செய்தேன். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் சொன்ன குறைகளில் பாதியையும் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வளைவில் கொஞ்சம் அகலமான இடம் இருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். கார் முகத்தைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. கருப்பையா பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு மலையைப் பார்த்தான். நான் கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி விட்டேன். ஏறியது!

"வலது பக்கம், மிசியம்மா, வலது பக்கம்!"

வலது பக்கம் திருப்பினேன். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது.

"ஐயோ, அந்த வலது இல்லீங்க! என்னோட வலது!"

அவன் முகம் ஒரு திசை, என் முகம் ஒரு திசை. கொஞ்ச தூரம் போவதற்குள் மூன்று முறை செத்துப் பிழைத்தோம். கடைசியில் எஸ்தர் சத்தம் போட்டாள்: "வலது இடது வேணாம்! மலைப் பக்கம், பள்ளத்துப் பக்கம்னு சொல்லுங்க!"

"மலைப் பக்கம்... மலைப் பக்கம்... இப்ப பள்ளத்துப் பக்கம் கொஞ்சூண்டு... போதும் போதும் போதும்!"

இப்படி முக்கால் மைல். சரிவெல்லாம் கொழுந்தெடுக்கிற கை நின்றுபோய் எங்களையே பார்த்தது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சலாம் போட்டார், காரின் பின்புறத்துக்கு.

அப்போது மேலேயிருந்து தோட்டத்துத் துரையின் பெரிய கார் வந்தது. வழி ஒரு காருக்குத்தான். அவர் ஹாரன் அடித்தார். நான் நின்றேன். துரை இறங்கி வந்தார். என் காரின் முதுகைப் பார்த்தார், சுற்றி வந்து முகத்தைப் பார்த்தார். தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் தெரியும், ஒரு மாதிரி.

"ஏய், நீ போறதா, வாறதா?"

துரையிடம் இங்கிலீசில்தான் பேச வேண்டும் என்று நினைத்து, "ஐ ஆம் கோயிங், சார், பட் கமிங்" என்றேன்.

எஸ்தர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னா சமாச்சாரம்?" என்றார் துரை கருப்பையாவிடம்.

"புள்ளப்பேறுங்க தொரை. என் பொண்டாட்டிங்க. மொதப்புள்ள தங்கலைங்க."

துரை ஓடிப்போய்த் தன் காரில் ஏறினார். வழிவிட வேண்டுமானால் அவரும் மேல் வளைவு வரை பின்னால்தான் போயாக வேண்டும். ஆகவே அவர் கார் பின்பக்கமாக மலையேற, அதை நோக்கி என் காரும் பின்பக்கமாக மலையேறியது. வெள்ளைக்காரக் காரும் மருத்துவச்சிக் காரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நடக்கிற புதுச் சட்டம் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு கிழவர் கருப்பையாவைக் கேட்டாராம்.

5

லைன் வீட்டுக்குள் சிரிப்பில்லை. வலி முற்றியிருந்தது. செல்லாயி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி, "தலை தெரியுது, ஆனா வெளிய வரமாட்டேங்குதும்மா" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். தலை வந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. ஓட்டத் தெரியாத கை இது. ஆனால் இந்த வேலை இதற்குத் தெரியும். ஒரு விரலை நுழைத்து ஒரு சுற்றைத் தலைக்கு மேலாக எடுத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். பிள்ளை நீலமாக என் கையில் விழுந்தது, அழாமல்.

வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலில் சுண்டினேன். மறுபடி சுண்டினேன். சின்னதாக ஒரு தும்மல். அதற்குப் பிறகு அவன் போட்ட கூச்சலில் வெளியே கருப்பையா தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

எல்லாம் முடிந்து, செல்லாயிக்குத் துணி மாற்றி, பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினேன். "ரொம்ப தாமதமாயிட்டும்மா, அந்தக் கார் மலை ஏற மாட்டேன்னுட்டு" என்றேன்.

"தெரியும் மிசியம்மா" என்றாள். குரல் நூல் மாதிரி இருந்தது. "கீழ ஓடைக்குப் பக்கத்துல வரும்போதே சத்தம் கேட்டுச்சு. மிசியம்மா காராத்தான் இருக்கும்னு சொன்னாங்க. வெகு நேரமா அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நீங்கதான் வரக் காணோம். நடுவுல நின்னுபோச்சு. சரி, இந்தவாட்டியும் அம்புட்டுத்தான்னு நெனச்சேன். மறுபடி கேட்டுச்சு. அது கேக்குற வரைக்கும் தாங்கிக்கிடுவோம்னு படுத்திருந்தேன்."

பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

வாசலில் எஸ்தர் நின்றாள். எப்போது வந்தாளோ, கேட்டிருக்கிறாள். மறுவாரம் பள்ளிக்கூடம் திறந்தபோது, "அம்மா, என்னைக் கார்ல கொண்டுபோய் விடுங்க" என்றாள். வாசலிலேயே இறங்கினாள், எல்லாப் பெண்களும் காதைப் பொத்திக்கொண்டு பார்க்க.

ஹனீபா நானா காரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "தங்கச்சி, கொழாய் பாதி ஈக்கிது, பாதி இல்ல. அனுப்புங்க, புதுசு போட்டுத் தாறன், சத்தமே கேக்காது" என்றார். வேண்டாம் நானா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். டவுனுக்குள் போலீஸ்காரர்கள் முறைக்கிறார்கள். சும்மா முறைக்கட்டும். ஹேவாஹெட்ட மலைக்கு நான் போகும்போது, எந்த லைனில் எந்தப் பெண் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாளோ?